காலையில் மட்டும் வரும் சத்தம்

ஜூன் 3

அண்ணா,

போனை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. நீ கத்தினால் எனக்கு வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும், உனக்கே தெரியும். அதிலும் நீ பேசுவது குவாரி முகாம் ஆபீஸ் போன். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இருமுவதுகூட இங்கே கேட்கிறது. அத்தனை பேர் காதிலும் விழும்படி "என் இஞ்சின்ல சத்தமா?" என்று நீ கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

வேனில் சத்தம் வருகிறது. காலையில் தையல் ஆலையின் முதல் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப்போக அம்மா வண்டியை எடுக்கும்போது ஆரம்பிக்கிறது. டிக், டிக், டிக் என்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாக ஓடுகிறது. பெரிய சாலைக்குப் போவதற்குள் குறைந்துவிடுகிறது. ஆலை வாசலில் இறங்கும்போது தேடினாலும் கிடைப்பதில்லை. அம்மா அதை டொக் டொக் என்கிறாள். அடுத்த தெருவில் ஏறும் முன் சீட்டு அக்கா, "உள்ளே யாரையோ வெச்சுப் பூட்டிட்டீங்க போல, கதவைத் தட்டுறாங்க" என்கிறாள். வண்டியே சிரிக்கிறது, அம்மாவைத் தவிர.

ஐந்து வாரம் வண்டியை நிறுத்தி, இஞ்சினை வெளியே இறக்கி, பிஸ்டன் முதல் பேரிங் வரை மாற்றிக் கட்டியது இதற்குத்தானா என்று அம்மா கேட்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் மூக்குக்கண்ணாடி மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவாளாம். அவர் இஞ்சினைத் திறந்தால் மறுபடி மூன்று வாரம் ஆகும். ஆலை போன முறை பொறுத்துக்கொண்டது. இந்த முறை வேறு வண்டி பார்த்துக்கொள்ளும். ஆலை டிரிப் கைவிட்டுப் போனால் வேனை விற்றுவிடுவேன் என்று அம்மா சொன்னாள். சும்மா சொல்லும் குரலில் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் எழுத நினைத்தேன். வேண்டாம். முதலில் சத்தத்துக்கு வழி சொல்.

தங்கை

-----

ஜூன் 9

எறும்புக்கு,

முதலில் மூன்று பேரும் உட்கார்ந்து டிக்கா, டொக்கா, கதவு தட்டும் சத்தமா என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். அம்மா காதுக்குக் குக்கர் விசிலே லாரி ஹாரன் மாதிரிதான் கேட்கும். முன் சீட்டு அக்காவுக்கு இஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. உன் காதை மட்டும் நம்புகிறேன்.

நான் கட்டிய இஞ்சினில் சத்தம் வராது. வந்தால் அது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். இங்கே குவாரியில் எட்டு வண்டி என் பொறுப்பு. காலையில் ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துவிட்டுத்தான் டீயே குடிக்கிறேன். இந்த மரியாதை எப்படி வந்தது? வேன் இஞ்சினை முழுசாகக் கட்டினேன் என்று சொன்னதால் வந்தது. சூப்பர்வைசர் யார் வந்தாலும் என்னைக் காட்டி அதைத்தான் சொல்கிறார்.

சொல்கிறேன், கேள். மேல் மூடியைக் கழற்று. அதற்கு இஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை, அம்மாவிடம் சொல். ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளியை அளவுத் தகடு விட்டுப் பார். தகடு இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். தளர்வாக ஓடினால் அந்த வால்வுதான் தட்டுகிறது. அதுவும் சரியாக இருந்தால், சத்தம் கேட்கும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தச் சிலிண்டரை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்து. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், கண்ணில் டீசல் அடிக்கும். எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறது என்று எழுது.

கண்ணாடிக்காரரிடம் மட்டும் விடாதீர்கள். அவரிடம் முறைத்துக்கொண்டு வெளியே வந்தவன் நான். என் இஞ்சினை அவர் திறந்தால் அந்தத் தெருப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

அண்ணன்

-----

ஜூன் 14

அண்ணா,

மூடியைக் கழற்றினேன். அம்மா இரண்டு டிரிப்புக்கு நடுவில் தூங்கிய நேரத்தில் எட்டு வால்வுக்கும் தகடு விட்டுப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றுகூட நகரவில்லை. தகடு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? சத்தத்துக்குக் காரணம் கிடைக்கவில்லையே என்று நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூடியைத் திரும்பப் போடும்போது எனக்குள் சிரித்துக்கொண்டேதான் போட்டேன்.

மறுநாள் காலை டீசல் குழாய்களைத் தளர்த்தினேன். முதல் சிலிண்டரை நிறுத்தினேன், சத்தம் இருந்தது. இரண்டாவது, இருந்தது. மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் டிக் நின்றுவிட்டது. முறுக்கினேன், வந்தது. தளர்த்தினேன், நின்றது. அம்மா ஸ்டியரிங்கில் இருந்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. அன்றைக்கே கண்ணாடி மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "மூணாவது சிலிண்டர் ராடு பேரிங் போச்சு. அப்படியே ஓட்டினா ஒருநாள் நடுரோட்டுல இஞ்சினை உடைச்சுக்கிட்டு ராடு வெளியே எட்டிப் பார்க்கும்" என்றாராம். அந்த வார்த்தை கேட்டதிலிருந்து அம்மா வண்டியை மெதுவாகவே ஓட்டுகிறாள். ஆலைக்குத் தாமதமாகிறது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறாள்.

அன்று எழுத வேண்டாம் என்று விட்டதை இப்போது எழுதுகிறேன். உன்னை வேலைக்கு அழைத்துப் போக வந்த ஆளிடம் "நான் தனியா கட்டின இஞ்சின்" என்றாய். நான் பக்கத்தில்தான் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உன் கை நுழையாத இடத்திலெல்லாம் யார் கை நுழைந்தது? எந்த நட் எந்த போல்ட்டுக்கு என்று அட்டையில் குத்தி வைத்தது யார்? பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அதற்கு அர்த்தம் எனக்குப் பதில் தெரியாது என்பதா? உன் கடிதத்திலும் "நான் கட்டிய இஞ்சின்" என்றுதான் இருக்கிறது. மூன்று முறை படித்துப் பார்த்தேன், என்னைக் காணவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

தங்கை

-----

ஜூன் 20

எறும்பு,

மூன்றாவது என்று படித்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்தப் பேரிங்கைப் பொருத்தியது எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. எண்ணெய் தடவி, அமுக்கி, ராடைச் சுற்றிப் பார்த்தேன். பட்டு மாதிரி சுற்றியது. மூன்றாவதைத் துடைத்துக் கொடுத்தது நீதான். ஒரு மண் துகள் இருந்திருந்தால்கூட இப்படி ஆகும்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு ஒரு நாள் இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. அதை அடிக்கலாம் என்றால் நீ அடித்தலுக்குள்ளும் படித்துவிடுவாய். நீ துடைத்ததில் மண் இருக்காது. துடைத்த துணியையே துடைப்பவள் நீ. எனக்கு ஆள் கிடைக்காமல் உன்மேல் பாய்ந்தேன்.

சத்தம் வந்ததும் உன் பெயர் ஞாபகம் வருகிறது, பெருமை வந்தபோது வரவில்லை என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

அம்மாவிடம் சொல். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போக வேண்டாம். நான் வருகிறேன். நான் கட்டியதை நானே திறக்கிறேன். இங்கே சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவனுக்கு லீவு கிடையாது. வந்தால் வேலை போகும். போகட்டும். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ஜூலை முதல் வாரக் கடைசியில் சரக்கு லாரியில் வந்து இறங்குகிறேன்.

அண்ணன்

-----

ஜூன் 28

அண்ணா,

பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. நீ வர வேண்டாம். இஞ்சினை யாரும் திறக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். "அவன் வேலையும் போகணுமா இந்த வண்டிக்காக?" என்று சொல்லி, நேற்று ஷிப்டு முடிந்ததுமே சாவியை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட்டாள். நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே எத்தனை ஆட்கள் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கண்ணாடி மெக்கானிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இஞ்சின் மேல் குனிந்தார்.

"சத்தமே இல்லையேம்மா."

"காலையில வந்து கேளுங்க. டொக் டொக்குனு வரும்."

"மூணாவதை நிறுத்தினா நின்னுதுல்ல? அப்புறம் என்ன கேட்கிறது. டேய், ஆயிலை இறக்கு."

ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். ஆயில் நட்டில் ஸ்பேனர் மாட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இத்தனை நாளும் சத்தம் வருவதையே யோசித்தோம். அது போவதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். ஸ்பேனர் நின்றது.

"யாரு பேசினது?" என்றார் மெக்கானிக்.

"என் பொண்ணு" என்றாள் அம்மா. அவளுக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

"ஏன் வேண்டாம்?"

"சூடானா சத்தம் போயிடுது."

"போனா?"

"பேரிங்னா சூடானதும் சத்தம் கூடத்தானே செய்யணும். ஆயில் இளகிடும்ல."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் சொல்லி அனுப்பினானா?"

"இல்ல. அவனும் பேரிங்னுதான் நினைக்கிறான்."

"நினைப்பான். என்கிட்ட கத்துக்கிட்டவன்தானே" என்று அவரே சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணா, நீ நினைப்பது போல அவர் உன்மேல் கோபமாக இல்லை. "வண்டி இன்னைக்கு இங்கேயே நிக்கட்டும். நாளைக்குக் குளிர்ந்த இஞ்சினைக் கேட்டுட்டுப் பேசுவோம்" என்றார்.

இன்று ஞாயிறு, ஆலை இல்லை. காலையிலேயே போனோம். நான் தோட்டத்து ரப்பர் குழாயில் கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அம்மா சாவியைத் திருப்பியதும் டிக் வந்தது. குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை இஞ்சின் ஓரமாக நகர்த்தினேன். மேலே ஒன்றும் இல்லை. கீழே ஒன்றும் இல்லை. புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் கொண்டு போனேன். மூன்றாவது சிலிண்டரின் வாய்க்கு அருகே அது இரும்பு இரும்பை இடிக்கும் சத்தமாக இல்லை. யாரோ நாக்கைச் சொடுக்கி மூச்சு விடுவது போல இருந்தது. குழாயை அவரிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, அந்த இடத்தில் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். கரி.

"புகைதான் ஒழுகுது. மூணாவதை நிறுத்தினா புகையும் நிக்கும், சத்தமும் நிக்கும். நானும் ஏமாந்தேன்" என்றார். பிறகு நட்டுகளைச் சோதித்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. "இடையில இருக்கிற கேஸ்கட் தகடும் புதுசு. நட் டைட்டு. அப்புறம் ஏன் ஊதுது?"

அவருக்குத் தெரிய வழியில்லை. நமக்குத்தான் தெரியும். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய நமக்குக் குழி கிடையாது. பக்கத்து பஸ் டிப்போவில் ஆட்கள் சாப்பிடும் இடைவேளையில் வாட்ச்மேன் விட்டால்தான் குழி. அதனால் நாம் எப்போதும் அடிவேலையை முதலில் முடித்துவிட்டு, வண்டியை வெளியே தள்ளி, மேல்வேலையை வீட்டு வாசலில் செய்வோம். அன்றைக்கும் சைலன்சர் பைப்பைத் தாங்கும் கிளாம்பைக் குழிக்குள் நின்று முறுக்கிவிட்டோம். மேனிஃபோல்டு நட்டுகளை வாசலுக்கு வந்துதான் முறுக்கினோம். கீழே பைப்பைக் கட்டிப்போட்டுவிட்டு மேலே மேனிஃபோல்டை நேராக உட்கார் என்றால் அது எப்படி உட்காரும்?

இதை அவ்வளவு பேர் நடுவில் நான் வாய்விட்டுச் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"சரி, கிளாம்பை நீயே தளர்த்து" என்றார். குழிக்குள் இறங்கித் தளர்த்தினேன். கடைசிச் சுற்றில் பைப் 'டங்' என்று ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் குதித்தது. மேலே இருந்து குனிந்து பார்த்தவர், "இத்தனை நாளா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. சூடானா இரும்பு விரிஞ்சு வாயை மூடிக்குது. சொந்தக் குழி இல்லாதவங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே.

பழைய கேஸ்கட்டில் மூன்றாவது வாயோரம் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. அவருடைய ஆள் வேலையைத் தொடங்க வந்தான். "அவளே போடட்டும்" என்று அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். புது கேஸ்கட் வைத்து, நடு நட்டிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கிளாம்பைக் கடைசியில் முறுக்கினேன். ஸ்டியரிங் ராடுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு நட்டுக்கு அங்கே யார் கையும் போகாது. என் கை போனது.

நாளைக் காலை அம்மா குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்வாள். அதைக் கேட்டுவிட்டு எழுதலாம்தான். ஆனால் இதை இன்றே தபாலில் போடுகிறேன். சத்தம் வராது.

தங்கை

-----

ஜூலை 4

எறும்பே,

உன் கடிதத்தைப் படித்ததும் நேராக ஆபீசுக்குப் போய் ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"சத்தம் நின்னுடுச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"இன்னும் தகவல் வரல. ஆனா நின்னுடுச்சு" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். யார் சரி செய்தது என்றார். தங்கச்சி என்றேன். தங்கச்சிக்கு எப்படி அந்த இஞ்சின் தெரியும் என்றார். "அவளும் நானும் சேர்ந்துதான் கட்டினோம்" என்றேன். "தனியா கட்டினேன்னு சொல்லித்தானே வந்தே? அப்ப நான் பாதி ஆளைத்தான் வேலைக்கு எடுத்திருக்கேனா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? திட்டுவார் என்று நின்றேன். மீதிப் பாதி என்ன வயசு என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவனும் நம்பவில்லை. அதனால் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பைப் குதித்த இடத்தில் ஒரு லாரி டிரைவர் மேசையைத் தட்டினார். மறுபடி படி என்றார்கள், படித்தேன். என்னைப் பற்றி வந்த இடங்களை மட்டும் முதல் தடவை தாண்டிவிட்டேன். இரண்டாவது தடவை தாண்ட விடவில்லை.

கிளாம்பை முதலில் முறுக்கலாம் என்று சொன்னது நான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். நான் ஸ்பேனரைக் கேட்டேன். இனிமேல் நீ வாயைத் திறந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

கண்ணாடிக்காரர் உண்மையில் சிரித்தாரா?

அண்ணன்

-----

ஜூலை 9

அண்ணா,

சிரித்தார். நீ ஊருக்கு வந்தால் உன்னை வரச் சொன்னார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்காதே, குளிர்ந்த இஞ்சினைத் தான் முதலிலேயே கேட்காமல் விட்டதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் கடிதத்தைக் கூடத்தில் படித்தாயா? இரண்டு தடவையா? அதை வாசித்ததும் முகம் சூடாகி, யாரும் இல்லாத அறையிலேயே கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த லாரி டிரைவர் மேசையைத் தட்டிய இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். இனிமேல் படிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல், எழுத்துப் பிழை பார்த்து எழுதுகிறேன்.

வண்டி சரியான மறுநாள், அந்தத் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அம்மா என்னை எழுப்பவில்லை, நானே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவள் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்தது. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். ஆக்சிலேட்டரை மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். வண்டியை எடுத்துவிட்டாள்.

அடுத்த தெருவில் முன் சீட்டு அக்கா ஏறினாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல ரேடியோவைப் போட்டாள். அம்மா அதை அணைத்தாள். அவள் மறுபடி போட்டாள். அம்மா மறுபடி அணைத்தாள்.

"என்னக்கா, ரிப்பேரா?"

"கேளு."

"என்ன கேட்கணும்?"

"சும்மா கேளு."

அக்கா கேட்டாள். பின் சீட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியவளைக்கூட ஒருத்தி தட்டி எழுப்பினாள். வண்டி முழுக்க அத்தனை பேர் இருந்தும் இஞ்சின் ஓடுவது மட்டும்தான் கேட்டது.

"ஒண்ணுமே கேட்கலையேக்கா" என்றாள் முன் சீட்டு அக்கா.

"அதைத்தான் கேட்கச் சொன்னேன்" என்றாள் அம்மா. "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் கட்டின இஞ்சின்."

அப்புறம் ஆலை வாசல் வரைக்கும் அவள் ரேடியோவைப் போடவே விடவில்லை.

தங்கை